காவிரியில் உல்லாசப் படகு: எப்படி ஓட வேண்டும்?

சேலத்துக்குக் கடல் கிடையாது. நாமக்கல்லுக்கும் கடல் கிடையாது.

மாம்பழம் உண்டு. ஜவ்வரிசி உண்டு. கோழி முட்டை உண்டு. லாரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கப்பலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், இந்தச் சீமை மக்கள் சென்னைப் பட்டினத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்படி இருக்க, சேலத்துக்காரர்களுக்கு உல்லாசக் கப்பலைப் பற்றி என்ன பேச்சு?

பேச்சுக்குக் காரணம் உண்டு. கடல் இல்லாத குறையைக் காவிரி தீர்த்து வைத்திருக்கிறது. மேட்டூரில் தேங்கி, பூலாம்பட்டியைத் தொட்டு, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று இரண்டு மாவட்டங்களின் ஓரமாகவே அது ஓடுகிறது. விடுமுறை நாள் வந்தால் கரையில் கூட்டம் கூடுகிறது. குழந்தைகள் படகைக் கண்டதும் ஏற வேண்டும் என்று அடம் பிடிக்கின்றன.

உலகம் முழுவதும் தண்ணீர் மேல் உல்லாசப் பயணம் பெரிய தொழிலாகி விட்டது. அந்தத் தொழில் காவிரிக்கும் வருமா? வந்தால் யாருக்கு நன்மை? வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது என்ன?

மிதக்கும் நகரம்

முன்பெல்லாம் கப்பல் பயணம் என்றால், அது பிழைப்பு தேடிப் போகும் பயணம். "ரஜூலா" கப்பலில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்கள் காற்று வாங்கப் போகவில்லை. வீட்டுக் கடனை அடைக்கப் போனார்கள். தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கப் போனார்கள்.

இன்றைய உல்லாசக் கப்பல் வேறு மாதிரியானது. ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்குவது அங்கே முக்கியம் அல்ல. கப்பலில் இருப்பதுதான் முக்கியம். உள்ளேயே ஓட்டல் உண்டு. நாடகக் கொட்டகை உண்டு. நீச்சல் குளம் உண்டு. கடை வீதியும் உண்டு.

2024-ம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவில் உள்ள மியாமி துறைமுகத்தில் இருந்து "ஐகான் ஆப் தி சீஸ்" என்ற கப்பல் முதல் பயணம் புறப்பட்டது. அதன் நீளம் 365 மீட்டர். 20 தளங்கள். 7 ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். ஒரு பெரிய கிராமத்து ஜனங்கள் அத்தனை பேரும் ஒரே கப்பலில் அடங்கி விடுவார்கள்!

தமிழ்நாட்டிலும் இந்தக் காற்று வீசியது. 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, சென்னைத் துறைமுகத்தில் "எம்ப்ரஸ்" என்ற உல்லாசக் கப்பலின் பயணத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு ஜூன் மாதம் அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்கும் போயிற்று. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டு வந்தது.

இந்தத் தொழிலில் லாபம் மட்டும்தான் உண்டு என்று எண்ணி விடக் கூடாது. 2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் "டைமண்ட் பிரின்சஸ்" என்ற கப்பல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் இருந்தவர்களில் 700-க்கும் அதிகமானவர்களைக் கொரோனா பிடித்தது. அடுத்த மாதமே உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் கரையில் முடங்கின.

இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரம், கப்பல் கூட்டத்தைத் தாங்க முடியாமல் தவித்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியில் இருந்து, நகரின் நடுவே செல்லும் கால்வாயில் பெரிய கப்பல்கள் வரக் கூடாது என்று அந்த நாட்டு அரசாங்கம் தடை போட்டது.

கூட்டம் வராவிட்டால் தொழில் இல்லை. அளவுக்கு மீறி வந்தால் ஊர் இல்லை. கடலில் கற்ற இந்தப் பாடம் ஆற்றுக்கும் பொருந்தும்.

கங்கையில் கப்பல்

ஆற்றில் உல்லாசக் கப்பல் ஓடுமா? ஓடியிருக்கிறது.

2023-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, காசியில் இருந்து "கங்கா விலாஸ்" என்ற கப்பல் புறப்பட்டது. கங்கையில் இறங்கி, வங்காளதேசம் வழியாகப் போய், பிரம்மபுத்திராவில் ஏறி, அசாமில் உள்ள திப்ருகர் நகரத்தை அடைவது அதன் திட்டம். தூரம் 3 ஆயிரத்து 200 கிலோ மீட்டர். நாட்கள் 51. கப்பலில் பயணிகளுக்கு இடம் 36 பேருக்குத்தான்.

கங்கைக்கு முடிந்தது காவிரிக்கு முடியாதா என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். பதிலைத் தண்ணீரிடம் கேட்க வேண்டும்.

கங்கை பனிமலையில் பிறந்த ஆறு. கோடையிலும் தண்ணீர் ஓடும். அதன் நடுவே கப்பல் வழியைத் தூர்வாரி ஆழப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பரக்கா என்ற இடத்தில் குறுக்கே தடுப்பணை இருந்தாலும், கப்பல் ஏறி இறங்குவதற்குத் தண்ணீர்த் தொட்டி போன்ற வழி கட்டப்பட்டிருக்கிறது. கப்பல் தொட்டிக்குள் நுழையும். கதவை மூடித் தண்ணீரை ஏற்றுவார்கள், அல்லது இறக்குவார்கள். கப்பலும் கூடவே ஏறும், இறங்கும்.

காவிரியில் அப்படி எதுவும் இல்லை.

காகிதத்தில் நீர்வழி

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நாமக்கல் மாவட்டத்தின் ஓரமாகத் தேசிய நீர்வழி ஒன்று போகிறது!

2016-ம் ஆண்டு பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, இந்தியாவில் 111 நீர்வழிகள் தேசிய நீர்வழிகள் ஆகும். அதில் 55-வது எண், காவிரி - கொள்ளிடம் நீர்வழி. பவானிக்கு அருகே உள்ள ஊராட்சிக்கோட்டை கதவணையில் இருந்து வங்கக் கடல் வரை, 364 கிலோ மீட்டர்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாசி, பங்குனி மாதங்களில் ஆற்றில் இறங்கிப் பார்த்தால், பல இடங்களில் படகு அல்ல, காகிதக் கப்பல் கூட ஓடாது. ஓர் இடத்தில் பாறை. ஓர் இடத்தில் மணல். ஓர் இடத்தில் முழங்கால் தண்ணீர்.

காரணம் எளிது. மேட்டூர் அணை உழவருக்காகக் கட்டிய அணை. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ந் தேதி திறந்து, ஜனவரி 28-ந் தேதி மூடுவது வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தத் தேதியும் தள்ளிப் போகும். மூடிய பிறகு குடிநீருக்காகக் கொஞ்சம் தண்ணீர் வரும். அவ்வளவுதான்.

ஆறு வயலுக்காகத் திறக்கப்படுகிறது. படகுக்காகத் திறக்கப்படுவது இல்லை. திறக்கவும் கூடாது. தஞ்சாவூர் உழவரின் நாற்று வாடும்போது, உல்லாசப் படகுக்கு என்று ஒரு குடம் தண்ணீர் கேட்பது கூடப் பாவம்.

ஆகவே மேட்டூரில் ஏறிப் பூம்புகாரில் இறங்கும் கப்பல் எல்லாம் பகற்கனவு. அதைப் பேசிப் பொழுதைப் போக்குவதில் பயன் இல்லை.

40 அடியும் 120 அடியும்

அப்படியானால் மேட்டூர் அணைத் தேக்கத்திலேயே பெரிய படகு விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள்.

மேட்டூர் அணை சாதாரண அணை அல்ல. 1925-ம் ஆண்டு வேலை தொடங்கி, 1934-ம் ஆண்டு முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி, அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லி அதைத் திறந்து வைத்தார். அவர் பெயரே தேக்கத்துக்கும் வைக்கப்பட்டது. முழு உயரம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பி நிற்கும்போது பார்த்தால், சேலத்துக்கும் கடல் வந்து விட்டதோ என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கடல் நிலையாக நிற்பது இல்லை.

2024-ம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் நீர்மட்டம் சுமார் 40 அடி. ஜூலை 30-ந் தேதி 120 அடி. ஒரே மாதத்தில் 80 அடி ஏறியது! எட்டு மாடிக் கட்டிடம் ஒரு மாதத்தில் மூழ்குவதற்குச் சமம்.

நீர் இறங்கும் காலத்தில் பண்ணவாடிக்குப் போனால் இதை நேரில் காணலாம். தேக்கத்துக்குள் மூழ்கிப் போன பழைய ஊரின் நந்தி சிலை தலை தூக்கும். பழைய தேவாலயக் கோபுரம் வெளியே தெரியும். பார்க்க ஜனங்கள் திரண்டு வருவார்கள்.

இப்படி ஏறி இறங்கும் இடத்தில் படகுத்துறையை எங்கே கட்டுவது? மேலே கட்டினால் கோடையில் தண்ணீர் தூரத்தில் நிற்கும். கீழே கட்டினால் ஆடி மாதத்தில் துறையே முழுகி விடும். தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவைத் துறை அமைக்கலாம். அதற்குச் செலவும் அதிகம், பராமரிப்பும் அதிகம்.

பண்ணவாடியில் இருந்து எதிர்க்கரையான தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்குப் பரிசலும் படகும் போகின்றன. கோட்டையூரில் இருந்து ஒட்டனூருக்கும் அப்படியே. அங்கே போகிறவர்கள் உல்லாசத்துக்குப் போகவில்லை. சுற்றிப் போனால் பல மைல். அதனால் தண்ணீரைக் கடக்கிறார்கள்.

அசையாத தண்ணீர்

பெரிய அணையில் சிரமம் என்றால், வேறு இடமே இல்லையா?

இருக்கிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியவை. ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம்.

மின்சாரம் எடுக்க வேண்டும் என்றால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அதனால் கதவுகளைத் தூக்கியும் இறக்கியும் மட்டத்தைக் காக்கிறார்கள். பெரிய அணையில் தண்ணீர் 80 அடி ஏறி இறங்கும்போது, இங்கே அது பெரும்பாலும் ஒரே அளவில் தளும்பிக் கொண்டு இருக்கிறது.

படகுக்கு வேண்டியது இதுதான். அகலமான, அமைதியான, மட்டம் மாறாத தண்ணீர்.

ஒரு கதவணையில் இருந்து அடுத்த கதவணைக்குப் படகு இறங்க வழி இல்லை. அதனால் நீண்ட பயணம் முடியாது. ஆனால் ஒரு மணி நேரம், அரை மணி நேரம் சுற்றி வரும் சிறிய பயணம் தாராளமாக முடியும். குடும்பத்தோடு வருகிறவருக்கு அது போதும்.

குட்டிக் கேரளம்

முடியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? எடப்பாடிக்குப் பக்கத்தில் பூலாம்பட்டி இருக்கிறது.

நெரிஞ்சிப்பேட்டை கதவணையில் தேங்கும் தண்ணீர் பூலாம்பட்டிக் கரையைத் தொட்டு நிற்கிறது. ஒரு பக்கம் வயல், வாழை, தென்னை. எதிரே மலை. இதைப் பார்த்துத்தான் ஜனங்கள் அந்த ஊருக்குக் "குட்டிக் கேரளா" என்று பெயர் வைத்தார்கள்.

பூலாம்பட்டியில் இருந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது. வேலைக்குப் போகிறவர்கள், படிக்கும் பிள்ளைகள், சந்தைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் அதில் போகிறார்கள். மோட்டார் சைக்கிளையும் படகிலேயே ஏற்றிக் கொண்டு போகிறார்கள். அது அவர்களுக்குப் பஸ் மாதிரி.

விடுமுறை நாளில் அதே துறைக்குச் சேலத்தில் இருந்தும் நாமக்கல்லில் இருந்தும் ஈரோட்டில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களுக்கு அது உல்லாசம். சவாரி முடிந்ததும் சுடச்சுட மீன் வறுவல். அதுவும் ஓர் உல்லாசம்.

கதவணையைப் பழுது பார்க்கத் தண்ணீரை வெளியேற்றினால் படகு நின்று விடும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் பாய்ந்து வந்தாலும் நின்று விடும். ஆண்டு முழுவதும் கூலி கிடைக்கும் வேலை அல்ல இது.

நாமக்கல் மாவட்டத்தில் ஜேடர்பாளையம் இருக்கிறது. அல்லாள இளைய நாயகர் வெட்டியதாகச் சொல்லப்படும் ராஜா வாய்க்கால் புறப்படும் இடம். படுகை அணையும் பூங்காவும் ஆற்று மீனும் அங்கே கூட்டத்தை இழுக்கின்றன. மலை மேல் ஏற்காட்டு ஏரியிலும், கொல்லிமலை வாசலூர்ப்பட்டியிலும் படகு விடுகிறார்கள். ஆத்தூர் பக்கம் முட்டல் ஏரியிலும் உண்டு.

ஆகவே படகுத் தொழில் இனிமேல் வர வேண்டியது அல்ல. வந்து விட்டது. அது நல்ல முறையில் வளருமா என்பதுதான் கேள்வி.

மறக்கக் கூடாத இரண்டு நாட்கள்

2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி. தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள்.

2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி. மலப்புரம் மாவட்டம் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். மீன் பிடிக்கும் படகை மாற்றி அமைத்து, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி இருந்தார்கள்.

இரண்டும் நடந்தது கேரளத்தில். படகுத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட மாநிலம் அது! அங்கேயே இப்படி என்றால், புதிதாகத் தொழிலில் இறங்கும் ஊர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

படகு கவிழ்வதற்குப் பேய் பிசாசு காரணம் அல்ல. தராசுத் தட்டைப் போன்றதுதான் படகும். கீழே கனம் இருந்தால் நிலைத்து நிற்கும். மேலே கனம் ஏறினால் ஆடும். எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால் கவிழும். போட்டோ எடுப்பதற்காகப் பத்துப் பேர் ஒரே ஓரத்துக்கு ஓடினால் போதும்.

6 ஆயிரம் ரூபாய் ஆசை

அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது ஏன்? படகுக்காரருக்கு உயிரின் அருமை தெரியாதா? தெரியும். அவரும் அதே படகில்தான் போகிறார்.

உண்மையான காரணம் கணக்கில் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பாருங்கள்.

20 பேர் ஏறக்கூடிய ஒரு படகு. தலைக்கு 50 ரூபாய் கட்டணம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை 6 நடை போனால் 120 பேர். வருமானம் 6 ஆயிரம் ரூபாய். 20 பேருக்குப் பதில் 40 பேரை ஏற்றினால் 12 ஆயிரம் ரூபாய். டீசல் செலவு கொஞ்சம்தான் கூடும்.

திங்கட்கிழமை கூட்டம் இராது. வெள்ளம் வந்தால் வாரக்கணக்கில் படகு நிற்கும். அந்த நாட்களுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே சம்பாதித்தாக வேண்டும். அங்கேதான் அந்த அதிகப்படி 6 ஆயிரம் ரூபாய் ஆசை காட்டுகிறது.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. பரிசல் துறையையும் படகுத் துறையையும் ஏலம் விடுவது நெடுநாள் வழக்கம். அதிகத் தொகை கேட்டவருக்குத் துறை. கொடுத்த தொகையை அவர் எடுக்க வேண்டாமா? ஏலத்தில் தொகை ஏற ஏற, படகில் தலைகளும் ஏறும்.

படகு கவிழ்ந்த பிறகு படகோட்டியைப் பிடித்துச் சிறையில் போடுவது சுலபம். கவிழ்வதற்கு முன்னால் இந்தக் கணக்கை மாற்றுவதுதான் அறிவுடைமை.

கணக்கை மாற்றுவது எப்படி?

முதலாவது: துறையை அதிகத் தொகைக்கு ஏலம் விடக் கூடாது. தொகையை அரசாங்கமே அளவாக நிர்ணயிக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு யாரிடம் சிறப்பாக இருக்கிறதோ அவருக்குத் துறையைக் கொடுக்க வேண்டும். அந்த ஊர்ப் படகோட்டிகளும் மீனவர்களும் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் அவர்களுக்கே முதல் உரிமை.

இரண்டாவது: படகோட்டிக்குத் தலைக்கணக்கில் பங்கு கூடாது. மாதச் சம்பளம் வேண்டும். வெள்ளத்தால் படகு நிற்கும் நாட்களுக்கும் பாதிச் சம்பளமாவது கிடைக்க வேண்டும். நல்ல நாளில் வசூலாகும் பணத்தில் ஒரு பகுதியை இதற்காக எடுத்து வைக்கலாம். வயிறு நிறைந்தவன் "இனி இடம் இல்லை, அடுத்த படகில் வாருங்கள்" என்று தைரியமாகச் சொல்வான்.

மூன்றாவது: எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். நேற்றுப் படிக்கக் கற்றவரும் படிக்கும்படி எழுத வேண்டும். எண்ணிக்கை தவறினால் கரையில் நிற்கும் ஜனங்களே தட்டிக் கேட்க முடியும்.

நான்காவது: "லைப் ஜாக்கெட்" எனப்படும் மிதவைச் சட்டையை மாட்டாதவருக்குச் சீட்டே கிடையாது என்று இருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சிறிய அளவில் தனியாக வேண்டும். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் சட்டை மிதக்கும். குழந்தை நழுவி விடும்.

ஐந்தாவது: ஊர்ப் படகும் உல்லாசப் படகும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கட்டணத்தை ஏற்றக் கூடாது. விருந்தாளி வந்தான் என்று வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடலாமா?

சட்டம் புதிதாக வேண்டியது இல்லை. 1917-ம் ஆண்டுப் பழைய சட்டத்தை மாற்றி, உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு 2021-ம் ஆண்டிலேயே புதிய சட்டம் வந்து விட்டது. விசைப்படகைப் பதிவு செய்ய வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும், ஓட்டுகிறவர் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் உள்ளது படகுத்துறைக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

ஒகேனக்கல்லில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. காவிரியில் தண்ணீர் பெருகினால், மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போட்டு விடும். வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். பரிசல்காரர்களுக்கு நஷ்டம்தான். ஆனால் உயிர் மிஞ்சுகிறது. அந்தக் கண்டிப்பு கீழே உள்ள எல்லாத் துறைகளுக்கும் வர வேண்டும். தடை நாளில் பரிசல்காரர் வீட்டு அடுப்பு எரிவதற்கும் வழி செய்ய வேண்டும்.

லாரி கட்டும் கை

இந்தத் தொழிலால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

கேரளத்தைப் பாருங்கள். ஆலப்புழைக் காயலில் ஓடும் படகு வீடுகள், ஒரு காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய "கெட்டுவள்ளங்கள்". ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் கட்டிச் செய்தவை. சாலையில் லாரி ஓடத் தொடங்கியதும் வள்ளத்துக்கு வேலை போயிற்று. கூரை போட்டு, கட்டில் போட்டு, சமையல் அறை வைத்து, அதையே உல்லாசப் படகாக மாற்றினார்கள். செத்துப் போன தொழிலுக்கு உயிர் வந்தது.

லாரியால் அங்கே படகு படுத்தது. லாரி கட்டும் ஊரிலேயே இங்கே படகு எழக் கூடாதா?

நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் லாரிகள் இங்கே வருகின்றன. திருச்செங்கோட்டு ஆழ்குழாய் "ரிக்" வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. தகடு வெட்டவும், வளைக்கவும், பற்ற வைக்கவும் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. துருப்பிடிக்காத எக்குத் தகடு சேலம் உருக்காலையிலேயே கிடைக்கிறது.

படகு கட்டுவது லாரி கட்டுவது போல் அல்ல. மிதக்கும் கணக்கு தெரிந்த என்ஜினீயர் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால், வேலையைச் செய்ய இந்தக் கைகளுக்குத் தெரியும். அரசாங்கத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படகு கட்டும் பயிற்சி தொடங்கலாம்.

படகு ஓடும் துறையில் படகோட்டிக்கு மட்டும் வேலை இல்லை. மீன் வறுக்கும் பெண்ணுக்கு வேலை. இளநீர் வெட்டுகிறவருக்கு வேலை. மாம்பழக் கூடைக்காரருக்கு வேலை. ஆட்டோ ஓட்டும் இளைஞருக்கு வேலை. எங்கிருந்தோ ஒரு பெரிய கம்பெனி வந்து, கரைக்கு வேலி போட்டு, ஓட்டலையும் தானே நடத்தினால், இவர்கள் எல்லாரும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே பெரிய கப்பலை விட, பல சிறிய படகுகளே இந்தச் சீமைக்கு ஏற்றவை.

குடிக்கிற தண்ணீர்

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காவிரி வெறும் படகு ஓடும் இடம் அல்ல. வழிநெடுக ஊர்களுக்குக் குடிநீர் போவது அதில் இருந்துதான்.

குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிச் சாயக் கழிவு பற்றிய புகார் நெடுநாளாக உண்டு. கதவணைத் தேக்கங்களில் ஆகாயத்தாமரை படர்ந்து தண்ணீரை மூடுவதும் உண்டு. சாக்கடை கலந்தால் அந்தச் செடிக்குக் கொண்டாட்டம். நாற்றம் அடிக்கும் ஆற்றில் உல்லாசத்துக்கு யார் வருவார்கள்?

இதோடு படகில் இருந்து டீசலும் எண்ணெயும் சிந்தினால் என்ன ஆகும்? பிளாஸ்டிக் பையும் தட்டும் ஆற்றில் விழுந்தால் என்ன ஆகும்? கேரளக் காயல்களில் படகு வீடுகள் பெருகிய பிறகு, கழிவு பெரிய தலைவலி ஆனது.

இங்கே தொடக்கத்திலேயே வரம்பு கட்டி விடலாம். ஒரு தேக்கத்தில் இத்தனை படகுதான் என்று எண்ணிக்கை வைக்கலாம். சிறிய பயணத்துக்கு மின்கலத்தில் ஓடும் படகே போதும். சத்தம் இல்லை. புகை இல்லை. எண்ணெய் சிந்தாது. மின்சாரம் எடுக்கும் கதவணையின் ஓரத்தில் மின்சாரப் படகு ஓடுவது பொருத்தமும் கூட!

பெற்றோரின் கையில்

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒரு பங்கு. குடும்பத்தோடு போகிறவர்கள் செய்ய வேண்டியது இன்னொரு பங்கு.

ஆடிப்பெருக்கு அன்று மேட்டூருக்கு எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள்! நீராடி, முனியப்பனை வணங்கி, பூங்காவில் அமர்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். அந்த உற்சாகத்தில் குழந்தையின் கையை விட்டு விடக் கூடாது. படகில் ஏறும்போதும் அப்படித்தான்.

கூட்டம் நிறைந்த படகு புறப்படும்போது, "நாம் அடுத்த படகில் போகலாம்" என்று அப்பா சொல்ல வேண்டும். மிதவைச் சட்டை வேர்க்கிறது என்று பிள்ளை அழுதாலும், அம்மா கழற்ற விடக் கூடாது. ஓடும் படகில் எழுந்து நின்று போட்டோ எடுக்க வேண்டாம். குடித்தவரை ஏற்றிய படகில் ஏற வேண்டாம். சட்டையைக் கொடுக்காத படகுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பத்துக் குடும்பங்கள் இப்படித் திரும்பிப் போனால், பதினோராவது குடும்பத்துக்குச் சட்டை தானாக வந்து விடும்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் 20 தளக் கப்பல் வரப் போவது இல்லை. வர வேண்டியதும் இல்லை. 20 பேர் ஏறும் படகு போதும். 20 பேருக்கும் மிதவைச் சட்டை இருக்க வேண்டும். 21-வது ஆளை ஏற்ற மறுக்கும் படகோட்டி இருக்க வேண்டும். அப்படி மறுத்த படகோட்டியின் வீட்டில் அன்று இரவு சோறு இருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் செய்து விட்டால், காவிரியின் படகுத் தொழிலுக்கு வேறு விளம்பரமே தேவை இல்லை.